ஐந்தாம் மாடிப் படியும் டிரெட்மில்லும்

கேள்வி: எனக்கு வயது 62, எடை 66 கிலோ. ரங்கூன் நகரின் நடுவே, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் குடியிருக்கிறோம். ஓராண்டாக வலது முழங்காலில் வலி. ஏறும்போது எப்படியோ சமாளித்துவிடுகிறேன். இறங்கும்போதுதான் உயிர் போகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், தேய்மானம் ஆரம்பக் கட்டம்தான், தொடையும் இடுப்பும் பலவீனமாக இருக்கின்றன, உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார். என்ன பயிற்சி என்று சொல்லவில்லை. இரண்டு மாதமாகக் காய்கறி, பேப்பர் எல்லாம் பால்கனிக் கயிற்றில் கட்டித்தான் மேலே வருகின்றன. காளி கோயிலுக்குப் போனால் தரையில் உட்கார பயம், எழுந்திருக்க ஆள் வேண்டும். டீக்கடை முக்காலியும் அப்படித்தான். சிங்கப்பூரில் இருக்கும் மகன் டிரெட்மில் வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் தொடைக்கு நடுவில் வைத்து அமுக்கும் ஸ்பிரிங் கருவி ஒன்றைக் காட்டினாள். உறவுக்காரர் ஒருவர் உட்கார்ந்து காலை நீட்டி எடை தூக்கும் பழைய பெஞ்சைத் தருகிறேன் என்கிறார். இவற்றில் எது நல்லது? இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: அம்மா, முதல் வேலையாக மகனுக்குப் போன் போட்டு டிரெட்மில்லை நிறுத்தச் சொல்லுங்கள். வாங்கிவிட்டால் ஐந்து மாடி ஏற்ற நான்கு ஆள் வேண்டும், பிறகு துணி காயப்போடுவதற்கு ஒரு கொடியாக அது நிற்கும். மின்சாரம் முறை வைத்து வந்து போகிற ஊரில், ஓடிக்கொண்டிருக்கும் பட்டை திடீரென்று நின்றால் மேலே இருப்பவர் முன்னால் சாய்வார். அதைவிட முக்கியமான காரணம் வேறு. டிரெட்மில் சமதரை நடையைத்தான் கொடுக்கும். உங்களுக்குச் சமதரையில் பிரச்சினையே இல்லை. படி இறங்குவதில்தான் பிரச்சினை, தாழ்ந்த இடத்திலிருந்து எழுவதில்தான் பிரச்சினை. அந்த இரண்டையும் அது தொடுவதே இல்லை.

இறங்கும்போது ஏன் அதிகம் வலிக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்தச் சாமான் தேவை என்பது தானே விளங்கும். இடது காலைக் கீழ்ப்படியில் வைக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கீழே தொடும்வரை உடம்பு முழுவதையும் மேல்படியில் மடங்கி நிற்கும் வலது முழங்கால்தான் மெல்ல மெல்ல இறக்கிவிடுகிறது. அந்த வேலையைச் செய்வது தொடையின் முன்பக்கம் உள்ள நான்கு தலைத் தசை. கிணற்றில் வாளியைக் கயிறு விட்டு இறக்குவது போல, நீண்டுகொண்டே பிடித்திருக்க வேண்டும். அப்போது முழங்கால் சிப்பியின் (முட்டிச் சில்லின்) பின்புறம் விழும் அழுத்தம் உடல் எடையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. உங்கள் எடைக்கு இருநூறு கிலோ அளவில். தசை கயிற்றைச் சட்டென விட்டுவிட்டால், அந்தப் பாரம் மூட்டில் 'தொப்'பென்று இறங்கும்.

இரண்டாவது தசை பலர் கவனிக்காதது: இடுப்பின் பக்கவாட்டில், இடுப்பெலும்பின் வெளிப்புறத்தில் இருக்கும் நடுப் பிட்டத் தசை. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பெலும்பு மறுபக்கம் சரியாமல் ஏந்திப் பிடிப்பது இதுதான். படியில் ஒவ்வொரு அடியும் ஒற்றைக் கால் நிலைதானே. இது தளர்ந்தால் இடுப்பு சரியும், தொடை உள்பக்கம் திரும்பும், முழங்கால் உள்ளே சாயும், சிப்பி தன் பள்ளத்தை விட்டு ஓரமாக உரசும். வலி முழங்காலில் இருந்தாலும் கோளாறில் பாதி இடுப்பில் இருக்கலாம்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடிக்கு எதிரே, ஒரு கையைச் சுவருக்கு அருகில் வைத்துக்கொண்டு, வலது காலில் மட்டும் 30 வினாடி நில்லுங்கள். இடது பக்க இடுப்பு கீழே இறங்குகிறதா, அல்லது விழாமல் இருக்க உடம்பு வலப்பக்கம் சாய்கிறதா என்று மகளையோ மருமகளையோ பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஜெர்மன் அறுவை மருத்துவர் பிரீடரிக் டிரெண்டலென்பர்க் 1895-இல் விவரித்த சோதனை இது. கருவியே இல்லாத இதை இன்றும் மருத்துவமனைகளில் செய்கிறார்கள்.

இன்னொரு சோதனைக்கு ஒரு நாற்காலியும் கடிகாரமும் போதும். இருக்கை 43 சென்டிமீட்டர் (17 அங்குலம்) உயரம் இருக்க வேண்டும், கைப்பிடி இல்லாதது, சுவரோடு ஒட்டி வைத்தது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கு 12-க்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு. கையை ஊன்றித்தான் எழ முடிந்தது என்றால் கணக்கு பூஜ்யம். அதற்காக வருத்தப்பட வேண்டாம், தொடங்குகிற இடம் தெரிந்தது, அவ்வளவுதான். இந்த எண்ணிக்கையைத் தேதி போட்டு நாட்காட்டியில் எழுதி வையுங்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறை இதே நாற்காலியில் மறுபடி செய்யுங்கள். வலியின் அளவு நாளுக்கு நாள் மாறும், ஆகவே முன்னேற்றத்தை வலியை வைத்து அளக்காமல் இந்த எண்ணை வைத்து அளப்பது நல்லது.

சரி, சாமான்களுக்கு வருவோம். உங்களுக்கு வேண்டியவை நான்கு: ஆடாத நாற்காலி ஒன்று, ஏறி இறங்கும் பலகை, ரப்பர் பட்டை, கணுக்காலில் கட்டும் எடை. இவற்றில் கடையில் வாங்க வேண்டியது பட்டை மட்டும்தான்.

பலகையைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். மரத்துக்குப் பஞ்சமில்லாத நாடு. தேக்கு வெட்டுத் துண்டே போதும். நீளம் 18 அங்குலம், அகலம் 12 அங்குலம், கனம் 2 அங்குலமாக மூன்று பலகை. ஒன்று போட்டால் 5 சென்டிமீட்டர், இரண்டு அடுக்கினால் 10, மூன்று அடுக்கினால் 15. அடுக்கும்போது நழுவாமல் இருக்க ஒவ்வொன்றின் மூலையிலும் இரண்டு துளை போட்டு மர ஆணி இறக்கச் சொல்லுங்கள். அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிவிடுங்கள். மெழுகு போட்ட தரையில் மரம் வழுக்கும். மேற்பரப்புக்கு வார்னிஷ் வேண்டாம். உங்கள் கட்டடப் படியின் உயரத்தையும் ஒரு முறை அளந்து வாருங்கள். கடைசியில் நாம் போய்ச் சேர வேண்டிய உயரம் அதுதான்.

ரப்பர் பட்டையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மெல்லிய நீண்ட பட்டை, வேண்டிய அளவுக்கு முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். மற்றொன்று, வளையமாகவே வரும் துணி நெய்த பட்டை. தொடையில் சுருண்டு ஏறாது, தோலைக் கடிக்காது, விலை கொஞ்சம் கூட. நிறத்தை வைத்து இழுவை தெரியும். பெரும்பாலும் மஞ்சள் லேசானது, அடுத்துச் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு. ஆனால் எல்லாக் கம்பெனியும் இந்த வரிசையைப் பின்பற்றுவதில்லை, ஒரே கம்பெனியின் மூன்று நிறங்களாக வாங்குங்கள். சிவப்பு, பச்சை, நீலம் உங்களுக்குப் போதும். பட்டையை அதன் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் இழுக்காதீர்கள். வெயில் விழும் ஜன்னலில் தொங்கவிடாதீர்கள். தைலம் தேய்த்த காலில் போடாதீர்கள். எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும், வழுக்கவும் செய்யும். ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவு துளை இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள், அறுந்தால் சுளீரென்று முகத்தில் அடிக்கும்.

கணுக்கால் எடையை நீங்களே தைத்துக்கொள்ளலாம். பழைய லுங்கித் துணியில் ஒரு முழ நீளத்துக்குக் குழாய் போலத் தைத்து, நடுவில் ஒரு தையல் போட்டு இரண்டு அறையாக்குங்கள். இரண்டு பிளாஸ்டிக் பையில் சலித்து உலர்த்திய மணலைக் கட்டி உள்ளே வையுங்கள், இரு முனையிலும் நாடா. அளவுக்குத் தராசு இல்லையென்றால், மணலுக்குப் பதில் அரிசியைப் போடலாம். நம் வீட்டில் அரிசி அளக்கிற கெட்டிப்பால் டின் இருக்கிறதே, அதில் ஒரு டின் அரிசி கால் கிலோவுக்குச் சற்று மேல் வரும். இரண்டு டின் அரை கிலோ. மணல் கனமானது, ஆகவே அதே டின்னால் மணலை அளந்தால் கணக்குத் தப்பும். மணலைக் காய்கறிக்காரரிடம் நிறுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு வீசை 1.6 கிலோவுக்குச் சற்று மேல், தெரியுமல்லவா. அந்த ஒரு வீசையைக் கணுக்காலில் கட்டித் தூக்குவதை மூன்றாம் மாத இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

எடையை ஏன் இப்படிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்றால், தசை பழகிவிட்ட பாரத்துக்கு வளராது. இரண்டாம் உலகப் போரில் முழங்கால் அடிபட்ட படைவீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலோர்ம் இந்த ஏறுமுக முறையை வகுத்தார். முதலில் பத்துப் பத்தாக ஏழு முதல் பத்துச் சுற்று செய்யச் சொன்னவர், 1948-இல் மூன்று சுற்றே போதும் என்று குறைத்துக்கொண்டார். நாமும் மூன்று சுற்றோடு நிற்போம். கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும், ஆனால் உடம்பு கோணக் கூடாது. அப்படிச் சிரமமில்லாமல் 12 முறை, மூன்று சுற்று அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளில் முடிந்தால், பாரத்தைக் கூட்டுங்கள். வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கோயில் நாளாக இருக்கும்; செவ்வாய், வியாழன், சனி வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பயிற்சி. எல்லாவற்றிலும் பெரியது நாற்காலியிலிருந்து எழுவது.

நாற்காலிமேல் மடித்த போர்வைகளை வைத்து இருக்கையை 50 சென்டிமீட்டருக்கு உயர்த்துங்கள். இருக்கையின் முன்பாதியில் உட்காருங்கள். குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால், பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. மூக்கு கால் பெருவிரலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து, பிறகு எழுங்கள். எழுவதற்கு ஒரு வினாடி, உட்காருவதற்கு மூன்று வினாடி. அந்த மூன்று வினாடிதான் படி இறங்குவதற்கான பயிற்சி. கடைசி இரண்டு அங்குலத்தில் தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போய்விடும். எட்டு முறையில் தொடங்குங்கள். 12 எட்டியதும் ஒரு போர்வை மடிப்பை எடுத்துவிடுங்கள், இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழும்.

இதில் தவறுவது மூன்று. எழும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று பார்த்து உள்ளே சாய்வது. இதற்கு முழங்காலுக்கு மேலே சிவப்புப் பட்டையை வளையமாகப் போட்டு, அதை வெளியே தள்ளியபடி எழுங்கள். இடது காலில் மட்டும் பாரத்தைப் போட்டு வலது காலுக்குச் சலுகை கொடுப்பது. வலிக்கிற கால் இப்படித்தான் மேலும் இளைக்கிறது. கண்ணாடிக்கு நேரே உட்கார்ந்து மூக்கு இரு பாதங்களுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, மூச்சைப் பிடித்துக்கொள்வது. மாத்திரை சாப்பிடுகிற உங்களுக்கு இது முக்கியம்: எண்ணிக்கையை வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சு தானாக வெளியே போகும். காலையில் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 180-ஐத் தாண்டினால் அன்று பயிற்சி வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

இரண்டாவது, பலகையில் ஏறி இறங்குவது. பலகையைச் சுவரோரம் வைத்து, ஒரு கையை மேசையில் தொட்டுக்கொள்ளுங்கள். செருப்பில்லாமல் செய்யுங்கள், நம் ஊர் வெல்வெட் செருப்பு பலகையில் நிற்காது. வலது பாதம் முழுவதும் பலகையில் இருக்கட்டும், குதிகால் வெளியே தொங்கக் கூடாது. ஏறி நிற்க இரண்டு வினாடி, இடது காலை மெல்ல இறக்க மூன்று வினாடி. எல்லோரும் செய்யும் கள்ளத்தனம் ஒன்று உண்டு: கீழே இருக்கும் காலின் விரலால் தரையை உந்தித் துள்ளி ஏறுவது. அப்போது வேலை செய்வது கீழ்க்காலின் ஆடுசதை. மேலே இருக்கும் தொடை சும்மா இருக்கும். இதைத் தடுக்க, ஏறுமுன் கீழ்க்காலின் விரல்களைத் தூக்கிவிட்டுக் குதிகாலில் மட்டும் நில்லுங்கள். உந்த வழியே இருக்காது. முதலில் 5 சென்டிமீட்டர்கூடக் கடினமாகத் தெரியும். அது சரியான அறிகுறி.

இரண்டு வாரம் கழித்துப் பலகையின் மேலே பக்கவாட்டில் நின்று, இடது குதிகாலை மட்டும் தரையைத் தொடும் அளவுக்கு இறக்கி, பாரத்தை அதில் வைக்காமல், மேலே வாருங்கள். இதுதான் அசல் படி இறங்கும் பயிற்சி. முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக வளைய வேண்டும். உள்ளே சாய்ந்தால் பலகை உயரம் அதிகம் என்று பொருள், ஒரு அடுக்கைக் குறையுங்கள்.

இடுப்புப் பக்கத் தசைக்குப் படுத்துச் செய்வது நல்ல தொடக்கம். இடப்பக்கம் ஒருக்களித்து, முதுகும் பிட்டமும் குதிகாலும் சுவரில் ஒட்டும்படி படுங்கள். வலது காலை நீட்டி, குதிகால் சுவரில் உரசியபடியே ஒரு முழத்துக்குக் குறைவாக மேலே தூக்கி இறக்குங்கள். சுவர் எதற்கு என்றால், கால் தன்னை அறியாமல் முன்னால் போகும். போனால் இடுப்பின் முன்தசை வேலையை எடுத்துக்கொள்ளும், நமக்கு வேண்டிய தசை தூங்கும். பெருவிரல் கூரையைப் பார்த்தாலும் அதே கதைதான். விரல் நேரே முன்னால், வேண்டுமானால் சற்றுக் கீழே பார்க்கட்டும். பிட்டத்தின் பக்கவாட்டு மேல்பகுதியில் எரிச்சல் வந்தால் சரியாகச் செய்கிறீர்கள். தொடை முன்மடிப்பில் வந்தால் தவறு. பதினைந்து முறை எளிதானதும் நின்றுகொண்டு, முழங்காலுக்கு மேல் பட்டை போட்டு, முழங்காலைச் சற்று மடித்து, நண்டு போலப் பக்கவாட்டில் பத்து அடி போய்ப் பத்து அடி வாருங்கள். பட்டையைக் கணுக்காலுக்கு இறக்கினால் பாரம் கூடும். ஆறு வாரத்துக்கு முன் அவசரப்பட வேண்டாம்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடித்துப் பிட்டத்தைத் தூக்கும் பயிற்சி பெரிய பிட்டத் தசைக்கு. பின்தொடையில் பிடிப்பு வந்தால் பாதம் தூரத்தில் இருக்கிறது, பிட்டத்தை நோக்கி இழுத்துக்கொள்ளுங்கள். கீழ்முதுகு வளைந்தால் அளவுக்கு மேல் தூக்கிவிட்டீர்கள். ஆடுசதைக்குச் சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, இருபது முறை.

மணல் பையை உட்கார்ந்தபடி காலை நீட்டுவதற்குப் பயன்படுத்துங்கள். அரை கிலோவில் தொடங்கி, அரை அரையாகக் கூட்டலாம். ஆனால் சிப்பிக்குப் பின்னால் வலிப்பவர்கள் காலை முழுதாக நீட்டிவிட வேண்டாம். இந்தப் பயிற்சியில் கால் நேராகும் கடைசிப் பகுதியில்தான் சிப்பிமேல் அழுத்தம் குவியும். எழுந்து உட்காரும் பயிற்சியில் நேர்மாறாக, ஆழமாக மடங்கும்போது குவியும். ஆகவே மடித்த நிலையிலிருந்து பாதி வரை நீட்டி இறக்குங்கள், வலியில்லாமல் ஆனபின் மேலே போகலாம்.

உறவினர் தருகிற பெஞ்சும் இதே அசைவைத்தான் கொடுக்கிறது. இலவசமாகக் கிடைத்தால் மறுக்க வேண்டியதில்லை, இடம் இருந்தால். வாங்குமுன் இரண்டைப் பாருங்கள்: பெஞ்சின் சுழல் அச்சு உங்கள் முழங்கால் மடங்கும் இடத்துக்கு நேராக வருகிறதா, உருளைப் பஞ்சு கணுக்காலுக்குச் சற்று மேலே படுகிறதா. வீட்டு பெஞ்சுகளில் இதைச் சரிசெய்யும் வசதி பெரும்பாலும் இருக்காது, உயரமான ஆண்களுக்கு ஏற்ப இருக்கும். அச்சு தப்பினால் உருளை காலில் மேலும் கீழும் உரசும், முழங்கால் முறுக்கும். மணல் பை அந்தத் தவறைச் செய்வதில்லை.

பக்கத்து வீட்டு ஸ்பிரிங் கருவி உள்தொடைத் தசைக்கு மட்டுமானது. உங்களுக்குத் தளர்ந்திருப்பது வெளிப்பக்கம். உள்ளே அமுக்கி அமுக்கிப் பழகினால் முழங்கால் உள்ளே சாய்வதற்குத்தான் துணை. நழுவினால் தெறிக்கவும் செய்யும். அதிர்ந்து ஆடும் பலகை, தொடையில் ஒட்டும் மின்பட்டை ஆகியவற்றையும் யாராவது சொல்வார்கள். ஆடும் பலகையில் சும்மா நின்றால் தசை வலுக்காது. மின்பட்டை, அறுவைக்குப் பின் தொடைத் தசையே அசையாமல் கிடப்பவர்களுக்கு மருத்துவமனையில் பயன்படும்; உங்களுக்கு அது தேவையில்லை.

மகன் ஏதாவது வாங்கித்தான் தீருவேன் என்றால், அவர் மனம் நோகாமல் எக்சர்சைஸ் பைக் ஒன்று கேளுங்கள். தேய்மானம் உள்ள முழங்காலுக்கு மிதிப்பது இதமானது, காலை நேர விறைப்பைக் குறைக்கும், மூச்சுத் திறனும் கூடும். ஆனால் இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் இடுப்பை ஏந்திப் பிடிக்கும் வேலை பக்கத் தசைக்குக் கிடையாது. எனவே பைக் கூடுதல்தான், பலகைக்கும் நாற்காலிக்கும் மாற்றாகாது.

காந்த இழுவை உள்ளதாக, குமிழைக் கையால் திருப்பி இழுவையைக் கூட்டுவதாக இருக்கட்டும். அதற்கு மின்சாரம் வேண்டாம். நேரம் காட்டும் சின்னத் திரை மட்டும் பென்சில் பேட்டரியில் ஓடும். பொத்தானை அழுத்தி இழுவையை மாற்றும் மாடல்களுக்கு அடாப்டர் தேவைப்படும், கரண்ட் போனால் இழுவையும் போகும். மேசைக்கடியில் வைக்கும் சின்ன மிதிக்கருவி எளிதாகக் கிடைக்கும், ஆனால் அது தரையில் ஊர்ந்துகொண்டே போகும். உராய்வுத் திருகு சூடாகித் தளரும். வலுவுக்கு அது போதாது.

பைக் வந்ததும் இருக்கை உயரத்தைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. ஏறி உட்கார்ந்து குதிகாலை மிதிகட்டையில் வைத்துக் கீழே இறக்கினால் முழங்கால் நேராக வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடக்கில் இருக்கும். தாழ்ந்த இருக்கையில் மிதிப்பவர்களுக்குத்தான் சிப்பி வலி கூடுகிறது. மாட்டும்போது இன்னொரு விஷயம்: இடது மிதிகட்டையின் மரை எதிர்ப்பக்கம் திரும்பும். கட்டையில் இடது, வலது என்று ஆங்கில எழுத்து பொறித்திருக்கும், பார்த்து மாட்டச் சொல்லுங்கள். மாற்றி முடுக்கினால் மரை தேய்ந்து, ஒரு மாதத்தில் கட்டை கழன்று விழும். முதல் வாரம் முடிந்ததும் எல்லாத் திருகுகளையும் ஒரு முறை இறுக்குங்கள். மிதிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் மிதிகட்டைத் தண்டின் நட்டு தளர்ந்திருக்கும். நிமிடத்துக்கு 60 சுற்று, லேசான இழுவையில் பத்து நிமிடம் தொடங்கி இருபது வரை. லுங்கியோ, பர்மியப் பெண்கள் உடுத்தும் தாமெய்னோ கட்டிக்கொண்டு ஏறாதீர்கள். மிதிகட்டையில் சுற்றிக்கொண்டால் இறங்கவே முடியாது.

வலி வந்தால் நிறுத்த வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி பயிற்சியின்போது வரலாம், கெடுதல் இல்லை. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டாலோ முழங்கால் வீங்கினாலோ அடுத்த முறை சுற்றுகளைப் பாதியாக்குங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எண்ணிக்கை மளமளவென்று ஏறும். அது நரம்பு பழகுவதால் வருவது. தசை வளர எட்டு வாரமாவது ஆகும். நடுவில் ஒரு தேக்கம் வரும், அப்போதுதான் நிறையப் பேர் மூட்டை கட்டிவிடுகிறார்கள். சாப்பாட்டில் முட்டை, மீன், பருப்பு, காலையில் நான்ரொட்டிக்கு அவித்த பட்டாணி என்று மூன்று வேளையும் புரதம் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கிடையில் படியை எப்படி இறங்குவது? ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில். உங்களுக்கு ஏற இடது, இறங்க வலது. கைப்பிடி ஒரு கையில், தடி இருந்தால் வலிக்கு எதிர்ப்பக்கமான இடது கையில். கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பளவு இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரப் படியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வதே மேல். மூன்று பலகை உயரத்தில் பக்கவாட்டுப் பயிற்சி பத்து முறை வந்ததும், கால் மாற்றிக் கால் இறங்கிப் பாருங்கள். மேலே தொடங்க வேண்டாம். கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டு, தெருவுக்கு முந்தின கடைசி நான்கு படியில் மட்டும். அடுத்த வாரம் எட்டுப் படி.

கோயில் தரைக்கு வருவோம். 40 சென்டிமீட்டர் இருக்கையிலிருந்து 12 முறை எழ முடிந்த பிறகு இதைத் தொடங்குங்கள். தரையிலிருந்து நேரே எழ முயலக் கூடாது. முதலில் ஒரு பக்கம் திரும்பி, கைகளை ஊன்றி முட்டி போடுங்கள். முழங்காலுக்கு அடியில் மடித்த துணி. எதிரே நாற்காலி, கோயிலில் என்றால் தூண் அல்லது திண்ணை. இடது பாதத்தை முன்னால் ஊன்றுங்கள், இரு கைகளையும் நாற்காலியில் வைத்து, பின்னால் இருக்கும் வலது காலின் விரல்களை மடக்கி ஊன்றி எழுங்கள். வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும், முதல் வாரம் பக்கத்தில் ஆள் இருக்கட்டும். டீக்கடை முக்காலிக்கு, அதே பிளாஸ்டிக் முக்காலி மூன்று வாங்கி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குங்கள். உறுதியும் கூடும், உயரமும் சில சென்டிமீட்டர் கூடும். சுவரோடு ஒட்டி வைத்து எழுந்து பழகி, மாதம் ஒன்றாக உருவிவிடுங்கள்.

முழங்கால் பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், நடக்கும்போது திடீரென்று மடங்கினால், மூட்டு சூடாகிக் காய்ச்சல் வந்தால், ஒரு பக்க ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள். மார்பில் இறுக்கம் வந்தாலும் அப்படியே. தொடை மடிப்பில் வலி இருந்து, உட்கார்ந்து செருப்பு மாட்டக் காலைத் திருப்ப முடியவில்லை என்றால் இடுப்பு மூட்டையும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்புத் தேய்மானம் சில சமயம் முழங்காலில் வலியாகத் தெரியும்.

பால்கனிக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லமாட்டேன். அரிசியும் எண்ணெயும் அதிலேயே மேலே வரட்டும். கீரைக்கும் பேப்பருக்கும் மட்டும், முதல் மாதம் வாரத்தில் இரண்டு நாள், நீங்களே வெறுங்கையோடு இறங்கிப் போய் வாருங்கள். ஏறும்போது மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ள அங்கே ஒரு முக்காலியைப் போட்டு வைக்கலாம்.